தலைவரின் திருவுருவப் படம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



லிங்கராஜபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் சார்பில், பெருந்தலைவர் காமராசரின் திருவுருவப் படத்தை வரைவித்து நம் சங்க அரங்கில் வைத்தல் வேண்டும் என்னும் கருத்தை இவ்வவையின்முன் வைக்கின்றேன். அச்சிட்ட படம் கடையிற் கிடைக்கும்போது ஓவியர்க்குப் பொருள் கொடுத்து வரைவிப்பது எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். முறையான வினாவே, விடை கூறுதல் என் கடன்.

தலைவர்களின் ஓவியத்தை அவையில் வைப்பது நமக்குப் புதிதன்று. சென்னைச் சட்டமன்றத்தில் இராசாசியின் படத்தை 1948இல் நேரு திறந்து வைத்தார். வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் படம் 1964இல் அங்கு இடம் பெற்றது. 1975இல் மறைந்த காமராசரின் படத்தை 1977இல் குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி திறந்து வைத்தார்.

இவற்றுள் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். வள்ளுவரைக் கண்டவர் எவரும் இலர். ஓவியர் தம் உள்ளத்தில் தோன்றிய உருவையே வரைதல் வேண்டும். ஒக்கும், ஒவ்வாது என்று உரைக்கச் சான்றில்லை. காமராசரை நேரிற் கண்டவர்களோ இன்றும் நம் தெருக்களில் உளர். அவர் காலத்து ஒளிப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அவற்றில் முகத்தின் அமைப்பு உண்டு. மேனியின் நிறம் இல்லை. அந்நிறத்தையும், அவர் நின்ற நிலையையும், தோளில் துண்டு கிடந்த பாங்கையும் நம் முதியோர் ஓவியர் அருகிலமர்ந்து சொல்லுதல் கூடும். அச்சுப்படத்தில் இதற்கு இடமேது? பத்தாண்டு கழித்தும் ஓவியர் கிடைப்பார். சான்று கூறுவோர் கிடையார். ஆதலின் இப்பணி இவ்வாண்டே தொடங்குதல் வேண்டும்.

செய்ம்முறை குறித்துச் சில சொற்கள். ஓவியரோடு பேசுதற்கு மூவர் போதும். முப்பதின்மர் திருத்தம் சொன்னால் முகம் எவருடையதும் ஆகாது. மாலையும் ஒளிவட்டமும் வேண்டா. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் இருந்தும் கதர்ச் சட்டையும் வேட்டியுமாய் வாழ்ந்தவரை அவ்வண்ணமே காட்டுக. நெய்வண்ணம் மெல்லவே உலரும். விழா நாளைச் சொல்லி ஓவியரை விரைவுபடுத்தற்க. நேர்வெயிலும் ஈரச்சுவரும் படத்துக்குப் பகை. இடத்தை முன்னரே தேர்க.

படத்தின் அடியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்த செய்தியைத் தமிழிலும் கன்னடத்திலும் பொறித்தல் வேண்டும். காமராசர் பெயரால் ஒரு சாலையையே கொண்ட நகரம் இது. அல்சூர் ஏரியருகே 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009இல் திறக்கப்பட்டதும் இரு மாநிலத்தாரும் இசைந்தமையாலன்றோ? நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பிற் பயிலும் கன்னடச் சிறாரும் இவர் யார் என்று படித்தறியட்டும்.

குடும்பத்துக்கு ஒரு சிறு தொகை தாரீர். அதனினும் மேலாக, அவரைக் கண்ட பெரியோர் தம் நினைவைத் தாரீர் என வேண்டி அமைகின்றேன்.