ஆங்கில இலக்கணமும் அன்றாட வழக்கும்

(நமது சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆங்கில இலக்கணத்தின் பொது அமைப்புக்கள் அன்றாட வழக்கில் எங்ஙனம் விளங்குகின்றன என்பது பற்றிச் சில சொல்லுமாறு யாம் பணிக்கப்பெற்றோம். இலக்கணம் என்ற சொல் காதில் விழுந்தவுடனே மாணவர் முகம் வாடுதலை யாம் அறிவோம். ஆயினும் இஃது அவர்தம் பிழைப்போடும் மானத்தோடும் தொடர்புடைய பொருளாதலின், சிறிது பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

நம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் பயில்கின்றனர். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெறுகின்றனர். எனினும், வேலை தேடிச் சென்று மேலதிகாரியின் முன் நின்றால் வாய் திறக்க அஞ்சுகின்றனர். துணிந்து திறந்தாலோ, அவர் கருதாத பொருள் கேட்போர் செவியில் விழுகின்றது. இஃது அறிவின் குறையன்று. உழைப்பின் குறையும் அன்று. தமிழ் ஒரு கருத்தை எதனால் உணர்த்துகின்றது, ஆங்கிலம் அதே கருத்தை எதனால் உணர்த்துகின்றது என்பதனை எடுத்துக் கூறுவார் இன்மையே காரணம். அவ்வொன்றையே யாம் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இடமே உருபு

‘தந்தை மகனை அழைத்தார்’ எனினும், ‘மகனைத் தந்தை அழைத்தார்’ எனினும் தமிழில் பொருள் ஒன்றே. ‘ஐ’ என்னும் உருபு மகனைப் பற்றி நிற்றலின், அவன் வாக்கியத்தில் எங்கு நிற்பினும் அழைக்கப்பட்டவனே ஆவான். ‘தி ஃபாதர் கால்டு தி சன்’ என்னும் ஆங்கில வாக்கியத்திலோ, இரு பெயரையும் இடம் மாற்றினால் மகன் தந்தையை அழைத்ததாகிவிடும். தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கின்றது.

ஆங்கிலமும் பண்டு இறுதிநிலைகள் நிறைந்த மொழியே. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்லுமுன்பே தேயத் தொடங்கிய அவை, பின்வந்த மூன்று நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உதிர்ந்தன. ‘ஹீ, ஹிம்’ போன்ற சில இணைகளே எஞ்சின. அவற்றுள்ளும் ‘ஹூம்’ என்பது பேச்சில் அருகி, ‘ஹூ டிட் யூ ஸீ?’ என்றே பலரும் வினவுகின்றனர். சொற்பொருள் தெரிந்தும் வாக்கியம் அமையாமல் திகைக்கும் மாணவர், சொற்களின் இருக்கையை முதலிற் பழகுதல் வேண்டும்.

வினாவும் மறுப்பும்

தமிழில் ‘ஆ’ என்னும் ஓரெழுத்து வினாவாக்கப் போதும். ‘நேற்றுப் போனாயா?’ என்கின்றோம், ‘நேற்றா போனாய்?’ என்றும் கேட்கின்றோம். ஐயம் எச்சொல்லின் மேலதோ அச்சொல்லை ‘ஆ’ சென்று அடைகின்றது. ஆங்கிலத்தில் ‘டூ’ என்னும் துணைவினை முன்னே வந்து நிற்றல் வேண்டும். ஐயத்திற்குரிய சொல்லைக் குரலின் அழுத்தமே காட்டும். ஷேக்ஸ்பியர் (1564–1616) வாழ்ந்த காலத்தில் வினைச்சொல்லையே முன் வைத்து வினவுதலும், ‘டூ’ சேர்த்து வினவுதலும் ஆகிய இரண்டும் வழங்கின. பின்னர்ப் பிந்தியதே நிலைத்தது.

‘டிட் யூ வென்ட்?’ என்று நம் மாணவர் சொல்லுதல் உண்டு. இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துவிட்டமையின் ‘கோ’ காலங்காட்டாது வெறுமனே நிற்க வேண்டும் என்பதை அவர்க்கு எங்ஙனம் விளக்குவது? தமிழிலேயே விடை உளது. ‘நான் போகவில்லை’ என்கின்றோம். அதில் ‘போக’ என்பது காலங்காட்டுகின்றதா? இல்லையன்றோ! தாய்மொழியை உற்று நோக்கினால் அயன்மொழியின் முடிச்சுக்களுட் பல தாமே அவிழும்.

மரியாதை எங்கே இருக்கின்றது?

இனி யாம் கூறுவது மிகவும் கருதத்தக்கது. ‘அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள்’ என்பது தமிழில் பணிவான சொல். பணிவு முழுதும் ‘உங்கள்’ என்னும் விகுதியில் அடங்கியுளது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘கிவ் மீ தட் புக்’ என்றால் விகுதி வழியிலேயே விழுந்துபோகின்றது. கட்டளை ஒன்றே சென்று சேர்கின்றது. ‘ப்ளீஸ்’ என்பதைச் சேர்த்தால் சிறிது மென்மையுறும். ஆயினும் கட்டளையின் வடிவம் மாறுவதில்லை.

ஆங்கிலேயர் வேண்டுகோளை வினாவாக்குவர். துணைவினையையும் இறந்தகால வடிவில் வைப்பர். ‘குட் யூ கிவ் மீ தட் புக்?’ என்பதே அவர் வழக்கு. ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ என்பர். கேட்க விரும்புவது இப்பொழுதேயெனினும் நேற்றைய விருப்பம்போலக் கூறுவர். காலத்தைச் சற்று விலக்கிவைத்தல், எதிரிலிருப்பவரை நெருக்காது விலகி நிற்றலுக்கு ஒப்பாகும். ‘ஐ வான்ட் லீவ்’ என்பதற்கும் ‘மே ஐ ஹாவ் லீவ்?’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, நம் மொழியில் ‘கொடு’ என்பதற்கும் ‘கொடுங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது.

முற்காலத்து ஆங்கிலத்தில் ‘தௌ’ என்னும் ஒருமையும், மரியாதைப் பன்மையாகிய ‘யூ’ என்பதும் நம் ‘நீ, நீங்கள்’ போலவே வழங்கின. பதினேழாம் நூற்றாண்டின் முடிவிற்குள் ‘தௌ’ பொதுப்பேச்சினின்றும் பெரும்பாலும் மறைந்து, வழிபாட்டு மொழியிலும் சில வட்டார வழக்குக்களிலும் ஒதுங்கியது. யாவரும் ‘யூ’ ஆகிவிட்டமையின் அச்சொல்லால் மரியாதையின் ஏற்றத்தாழ்வு காட்ட இயலாது. வினாவடிவும் துணைவினையும் காட்டுகின்றன.

பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்கும் குடியிற் பிறந்த பிள்ளை, ஓரமைப்பு அறியாமையால் பணிவற்றவன் எனப் பெயர் பெறுதல் எத்துணைக் கொடுமை! அவன் உள்ளத்தில் மரியாதை உண்டு, வாக்கியத்தில் இல்லை.

‘அல்லவா’ படும் பாடு

‘வருகிறீர்கள் அல்லவா?’, ‘அவன் பாடினான் அல்லவா?’ எனத் தமிழில் ஒரே சொல் எங்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் வால் மாறும். ‘யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?’, ‘ஹீ ஸாங், டிடின்ட் ஹீ?’ என வரும். நம்மவர் எல்லாவற்றிற்கும் ‘இஸின்ட் இட்?’ என்பர், கேட்போர் நகைப்பர். பிரெஞ்சு மொழியில் ‘நெஸ்பா’ என்னும் ஒரே வால் எங்கும் பொருந்துகின்றது. அம்மட்டோ! இந்நாளில் லண்டன் இளைஞர் பலர் எல்லா வாக்கியத்திற்கும் ‘இன்னிட்’ என்று ஒரே வாலை ஒட்டுகின்றனர். நம்மவர் வழு மூடத்தனத்தால் விளைந்ததன்று என்பதற்கு இது சான்று. எனினும் அலுவலகத்தில் முன்னைய வழக்கே மதிக்கப்படுதலின் அதனைப் பயிலுதலே தக்கது.

விதியும் வழக்கும்

வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் செய்யப்பட்டதென அதன் பாயிரம் கூறும். ஆங்கில இலக்கண நூல்களிலோ, வழக்கை நோக்காது இலத்தீன் மொழியை நோக்கி வகுத்த விதிகளும் கலந்துள்ளன. வாக்கியத்தின் இறுதியில் ‘வித்’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச்சொற்களை நிறுத்துதல் குற்றமென 1672-இல் டிரைடன் என்னும் புலவர் குறை கூறினார். மக்கள் அங்ஙனமே பேசி வந்தனர். 1926-இல் ஃபௌலர் தம் வழக்கு அகராதியில் அதனை ஒரு மூடநம்பிக்கையென்றே ஒதுக்கினார்.

ஆண் பெண் தெரியாத ஒருவரைத் ‘தே’ என்னும் பன்மையாற் சுட்டுதலையும் இலக்கணிகள் பலர் கடிந்தனர். அஃது பதினான்காம் நூற்றாண்டு முதலே வழங்கி வருவது. ‘யாரோ ஒருவர் தம் குடையை விட்டுச் சென்றார்’ என நாமும் பன்மைக்குரிய சொல்லையன்றோ ஒருவர்க்கு வழங்குகின்றோம்! தமிழர்க்கு இதில் வியப்பு யாதும் இல்லை.

செய்யத்தக்கன

மாணவர்களே! விதிகளை வெறுத்து ஒதுக்குமாறு யாம் கூறவில்லை. தேர்வுக்கும் விண்ணப்பத்திற்கும் அவை வேண்டும். தனிச்சொற்களை மனப்பாடம் செய்தலை விடுத்து முழு வாக்கியங்களைப் பயிலுங்கள். கேட்டல், மறுத்தல், வேண்டுதல், நன்றி கூறல் ஆகிய ஒவ்வொன்றிற்கும் ஐந்து வாக்கியங்களை எழுதி, நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெரியோர்களே! நம்முள் ஆங்கிலம் அறிந்து அலுவல் பார்ப்போர் பலர் உளர். அவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் சங்க மண்டபத்திற்கு வந்து இளைஞரோடு ஆங்கிலத்தில் உரையாடுவார்களாக. பிழை நேர்ந்தால் நகையாமல் திருத்துவார்களாக. நகைப்புக்கு அஞ்சியே பல நாவுகள் கட்டுண்டு கிடக்கின்றன. பொருட்செலவின்றிச் செய்யத்தக்க இவ்வுதவியால் பல குடும்பங்கள் தலையெடுக்கும்.