எஞ்சினை இறக்குவதற்கு முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்னைப் பேசச் சொன்ன காரணம் உங்களுக்குத் தெரியும். பி பிளாக் கீழே உறை போட்டு நிற்கிற ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். செல்ஃப் சரியாக எடுக்கவில்லை, இழுவை இல்லை என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, "எஞ்சினை இறக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். அப்பா ஓட்டிய வண்டியை வீட்டுக்காரர் பழைய இரும்புக்கு விலை பேசும் அளவுக்குப் போய்விட்டார்.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா என்று சிலர் கேட்டீர்கள். முழுதாக அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் செய்யப்பட்டது. எஞ்சினும் அதே குடும்பம். சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இது வரத் தொடங்கிய 1961-ல்தான் நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, வயது மட்டும் ஒன்று.

வீட்டில் சோதிக்க இதைப்போல் வசதியான வண்டி கிடையாது. பானெட், மட்கார்டு எல்லாம் ஒன்றாக முன்பக்கம் சாயும். டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

முதலில் கருவி இல்லாமல் பாருங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலை விரலில் தேயுங்கள். பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை இருந்தால் பயப்படாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில், அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில், அது வரும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

அடுத்து புகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு வழியாக ஆயில் இறங்குகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அது கார்புரேட்டர் வேலை. இதைத் தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மேலே முதல் மாடியில் குழந்தைகள் இருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

இனி கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். பிளக் வயர்களில் எண் ஒட்டிவிட்டு நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டியுங்கள். இன்ஜெக்ஷன் வண்டி என்றால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுங்கள். பிளக் ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை வைத்து ஐந்தாறு சுற்று பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் பழைய எஞ்சினில் 120-க்கு மேல் வந்தால் நல்லது. அதைவிட முக்கியம் நான்கும் ஒன்றுபோல் இருப்பது. பத்து சதவீத வித்தியாசம் வரை பரவாயில்லை.

தூத்துக்குடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கேஜ் காட்டுவது எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையும் பொறுத்தது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை உப்புக்காற்றில் பூத்துப்போய்விடும். செல்ஃப் சோம்பலாகச் சுற்றும், நான்கு சிலிண்டரும் குறைவாகக் காட்டும். நல்ல எஞ்சினுக்கும் தேய்ந்துபோனது என்று பெயர் வந்துவிடும். ஆகவே முதலில் பாட்டரி 12.6 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். பிறகு செல்ஃப் அடிக்கும்போது, பாட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றித் தேய்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பிளஸ்தான் எர்த். ஜம்ப் வயர் போடுபவர்கள் பார்த்துப் போடுங்கள்.

போன ஞாயிறு பி பிளாக் வண்டியில் இதைத்தான் செய்தோம். பட்டை பச்சையாகப் பூத்திருந்தது. சுத்தம் செய்த பிறகு 135, 130, 90, 132. ஆக, மூன்றாவது சிலிண்டர் மட்டும். அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு ஏறும். ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறைவாக இருந்தால் கேஸ்கெட் என்று சொல்லலாம், இதில் அதுவும் இல்லை. மிச்சம் வால்வு. ராக்கர் கவரைத் திறந்தால், ஒரு வால்வில் டாப்பெட் இடைவெளியே இல்லை. வால்வு முழுதாக மூடாமல் நின்றிருக்கிறது. எஞ்சின் ஆறியதும் 0.010 அங்குல ஃபீலர் வைத்துச் சரிசெய்தோம். இப்போது 122. இன்னும் கொஞ்சம் ஓடினால் ஏறும் என்பது என் கணிப்பு. ஏறாவிட்டால் ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு தேய்க்க வேண்டியிருக்கும். எஞ்சினை இறக்கும் வேலை இல்லை.

பல மாதம் நின்ற வண்டி என்றால் எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக் ஓட்டைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள், கையால் சுற்றிப் பார்த்த பிறகு அடிக்கலாம். பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கழிவு ஆயிலைத் தயவுசெய்து மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள், கேனில் பிடித்து வையுங்கள். கம்ப்ரஷன் கேஜும் ஃபீலர் செட்டும் சங்க அறை அலமாரியில் இருக்கும். வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். சி பிளாக்கில் நிற்கிற பழைய ஜென் வண்டியை வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு கேட்டுக்கு வெளியே பார்க்கிறோம். செல்ஃப் அடிக்க ஓர் ஆள் வேண்டும்.