கொடிக்கயிறு யார் கையில்?

(தாம்பரம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர், "சுதந்திர தின அணிவகுப்பைப் பற்றிச் சுயமரியாதைக்காரர்களுக்கு என்ன பேச்சு?" என்று கூட்டத்துக்கு வெளியே ஒருவர் கேட்டதாகச் சொன்னார். நியாயமான கேள்விதான். 1947-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதியைப் பெரியார் துக்க நாள் என்றார். அண்ணா அவர்கள் அதற்கு மாறாக எழுதினார். அந்த விவாதத்துக்குள் நான் இன்று போகப் போவதில்லை. அந்த நாளிலே செய்யப்படுகிற சடங்கைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். சடங்கு என்று வந்துவிட்டால் நமக்குப் பேச உரிமை உண்டு அல்லவா? (சிரிப்பு)

தாம்பரத்துக்காரர்களாகிய நீங்கள் அணிவகுப்பைப் பார்க்க டில்லிக்குப் போக வேண்டியதில்லை. இங்கேயுள்ள விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கான பள்ளி நடக்கிறது. பரங்கிமலையிலே 1963 முதல் ராணுவ அதிகாரிகளைத் தயாரிக்கிறார்கள். 2024-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி விமானப்படையின் 92-வது ஆண்டு விழா அணிவகுப்பே இந்தத் தாம்பரத்தில்தான் நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னே மெரினாக் கடற்கரையில் விமான சாகசம் காட்டினார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி, வெயிலின் கொடுமையால் அய்ந்து பேர் மாண்டு போனார்கள். தண்ணீர் கிடைக்கவில்லை, திரும்பிப் போக வழியில்லை என்று வந்தவர்கள் முறையிட்டார்கள். வானத்தில் பறக்கிறவனுக்குச் செய்த ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்காவது தரையில் நிற்கிறவனுக்குச் செய்திருக்கக் கூடாதா என்று நான் கேட்கிறேன்.

நிற்க, இந்த அணிவகுப்பு என்பது எங்கிருந்து வந்தது? முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னே ஐரோப்பாவிலே துப்பாக்கியின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுட்டார்கள். ஒரு முறை சுட்டால் மறுமுறை சுட நேரம் பிடிக்கும். குறியும் ஒழுங்காக விழாது. ஆகையால் நூற்றுக்கணக்கான பேரைத் தோளோடு தோள் நிறுத்தி, ஒரே உத்தரவில் ஒரே வேட்டாகச் சுடச் செய்தார்கள். ஒருவன் கால் மாற்றி வைத்தாலும் வரிசை குலையும். வரிசை குலைந்தால் சாவுதான். அதற்காகவே இடது வலது என்று மாதக் கணக்கில் பழக்கினார்கள். மருந்துப் புகையிலே தன் படை எங்கே நிற்கிறது என்று சிப்பாய்க்குத் தெரிய வேண்டும், அதற்குக் கொடி. பொழுது சாய்ந்ததும் சண்டையை நிறுத்திப் பாசறைக்குத் திரும்ப வேண்டும், அதற்கு முரசும் ஊதுகொம்பும். டில்லியிலே ஜனவரி 29-ந் தேதி பாசறை திரும்புதல் என்று நடத்துகிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான்.

பிறகு இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்டது. வரிசையாக நிற்பது தற்கொலைக்குச் சமானமாகிவிட்டது. உபயோகம் போயிற்று, சடங்கு மட்டும் நின்றுகொண்டது. கட்டுப்பாட்டைக் கற்பிக்க இன்றும் உதவுகிறது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் நம் ஊர்ச் சடங்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். "ஏன் இப்படி நடக்கிறீர்கள்?" என்று ராணுவத்தானைக் கேட்டால் நான் சொன்ன இந்தக் காரணத்தைச் சொல்லுவான். புரோகிதரைக் கேட்டுப் பாருங்கள். "அதையெல்லாம் கேட்கப்படாது" என்பார்!

அப்படிப்பட்ட ராணுவத்திலும் புரோகிதர் புகுந்த கதை ஒன்று சொல்லுகிறேன். 2019-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி பிரான்சு தேசத்திலே ரஃபேல் என்கிற சண்டை விமானத்தை வாங்கிக்கொள்ள நம் ராணுவ மந்திரி போனார். போனவர் விமானத்தின் மேல் "ஓம்" என்று எழுதி, பூ வைத்து, தேங்காய் வைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம் பழம் வைத்துப் பூசை செய்தார். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரத்துக்குக் காவல் ஓர் எலுமிச்சம் பழம்! எலுமிச்சம் பழத்துக்கு அவ்வளவு சக்தி இருக்குமானால் விமானத்துக்குக் கொடுத்த பணத்தை மிச்சம் பிடித்து, கோயம்பேட்டிலே நாலு லாரி பழம் வாங்கி எல்லைக்கு அனுப்பியிருக்கலாமே! (சிரிப்பு)

பரங்கிமலையிலே வேறு ஒரு சடங்கைப் பார்க்கலாம். பயிற்சி முடித்த பிள்ளைகளின் தோளில் அதிகாரிக்குரிய நட்சத்திரத்தை யார் பூட்டுகிறார்கள்? தாயும் தகப்பனும் பூட்டுகிறார்கள். அதற்கு மந்திரம் தேவைப்படவில்லை. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் தோளிலும் பெற்றோர்தான் பூட்டுகிறார்கள். அணியிலே நடந்து போகிறவர்களில் யார் எந்தச் சாதி என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. இது நல்லது என்றே நான் சொல்லுவேன். சுயமரியாதைக்காரன் எல்லாவற்றையும் குறைதான் சொல்லுவான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் ராணுவம் சாதியை மறந்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். வெள்ளைக்காரன், 1857-க்குப் பிறகு, போர்க்குணமுள்ள சாதி, இல்லாத சாதி என்று ஒரு சாத்திரம் கட்டினான். அந்தக் கணக்கில் சென்னைச் சிப்பாய் வேண்டாதவனானான். காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். மகார் மக்களைச் சேர்ப்பதை 1892-ல் நிறுத்தினார்கள். இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டதும் மதராஸ் படையையும் மறுபடி எழுப்பினார்கள்; 1941-ல் மகார் படையும் உண்டாயிற்று. சாகிறதற்குச் சாதி பார்ப்பதில்லை பாருங்கள்! சடங்குக்கு எப்படி? ஜனாதிபதியின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், ஜாட்டுகள், சீக்கியர் என்று இந்த வகுப்பாரைத்தான் எடுத்து வந்தார்கள். கோர்ட்டிலே கேள்வி வந்தபோது, சடங்கு அணிவகுப்பில் உயரமும் தோற்றமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று ராணுவமே காரணம் சொல்லிற்று. உயரம்தான் வேண்டுமென்றால் அளவுகோலைக் கொண்டுவந்து அளக்க வேண்டியதுதானே? உயரத்துக்குச் சாதிச் சர்ட்டிபிகேட் எதற்கு?

இனி, கொடி விஷயத்துக்கு வருகிறேன். அணிவகுப்பு, வாத்தியம், மரியாதை எல்லாம் எதற்காக? ஒருவர் கொடிக்கயிற்றை இழுக்கிறார், அதற்காக. அந்தக் கயிறு யார் கையில் என்பதுதான் சடங்கின் உயிர். சென்னைக் கோட்டையிலே சுதந்திர தினத்தன்று கவர்னர்தான் கொடியேற்றி வந்தார். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் இருக்க, நியமனமாக வந்தவர் ஏற்றுவதா என்று கலைஞர் கருணாநிதி டில்லியோடு வாதாடினார். அதன் பேரில் 1974 ஆகஸ்டு 15 முதல் முதலமைச்சர்கள் ஏற்றி வருகிறார்கள். இந்த நாட்டிலே எல்லா முதலமைச்சர்களுக்கும் அந்த உரிமை வந்தது அப்படித்தான்.

கோட்டையிலே அப்படி. கோட்டையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆத்துப்பாக்கம் என்று ஓர் ஊர். 2020-ம் வருஷம் அங்கே ஊராட்சித் தலைவராக இருந்தவர் அமிர்தம் என்கிற அம்மையார், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அவரும் ஓட்டு வாங்கி வந்தவர்தான். ஆகஸ்டு 15 அன்று அந்த அம்மையாரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பத்திரிகைகளில் வெளிவந்த பிறகு, மாவட்டக் கலெக்டரே ஊருக்கு வந்து ஆகஸ்டு 20-ந் தேதி அவரைக் கொடியேற்றச் செய்தார். அய்ந்து நாள் கழித்து, அதிகாரிகள் பக்கத்தில் நிற்க ஏற்றிய கொடி! அந்த ஓர் ஊரோடு போயிற்றா? 2022 ஆகஸ்டில், சுதந்திரம் வந்து 75 வருஷம் ஆன கொண்டாட்டத்திலே, ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது. நோயில்லாத ஊருக்கு மருந்து அனுப்புவார்களா?

ஒரு முழக் கயிற்றுக்கு ஏன் இத்தனை ஆத்திரம்? ஊர்க்கோயிலிலே பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, தேர்வடத்தை யார் தொடலாம் என்று வெட்டுக்குத்து நடக்கிறதல்லவா? அதே கண்ணோடுதான் கொடிக்கம்பத்தையும் பார்க்கிறான். அவனுக்கு அது சர்க்கார் கொடியல்ல, இன்னொரு தேர்வடம். நேற்றுவரை தெருவிலே செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று வைத்திருந்தவள் கயிற்றை இழுக்க, தான் கீழே நின்று தலை நிமிர்ந்து வணங்குவதா என்று நினைக்கிறான். பெண் என்றால் ஆத்திரம் இரட்டிப்பு.

மாநகராட்சியில் குடியிருக்கிற நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். இந்தக் கூட்டத்திலே பாதிப் பேருக்குச் சொந்த ஊர் வெளியே இருக்கிறது. ஆகஸ்டு 15-க்கு லீவு விடுகிறார்கள். முந்தின நாளே ஊருக்குப் போங்கள். காலையில் ஊராட்சி ஆபீசுக்கு முன்னாலும் பள்ளிக்கூடத்திலும் போய் நில்லுங்கள். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கொடியேற்றுகிறாரா, அல்லது அவரை ஓரத்திலே நிறுத்திவிட்டு வேறொருவர் ஏற்றுகிறாரா என்று பாருங்கள். உட்கார அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போடவில்லையென்றால் ஊர்ப்பெயர், நாள், பார்த்தது இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கலெக்டருக்கு அனுப்பி, ஒரு நகல் நம் பத்திரிகைக்கும் அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம்.

செங்கற்பட்டுப் பக்கம் கடைசி ரயிலுக்குப் போகவேண்டிய தோழர்கள் எழுந்து நிற்கிறார்கள். நான் உட்காருகிறேன்.