சூசன்னாவின் தோட்டக் கதவு

தவக்காலம் ஐந்தாம் வாரம், திங்கள்



இன்றைய முதல் வாசகம் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம். மிக நீளமான வாசகம் என்பதால் பல கோவில்களில் சுருக்கமான பாடத்தையே வாசித்து முடித்துவிடுகிறோம். அப்போது விட்டுப்போவது தோட்டத்தில் நடந்த பகுதி. நம் வீடுகளுக்கு இன்று மிகவும் வேண்டிய பகுதியும் அதுதான்.

யோவாக்கிமின் மனைவி சூசன்னா வெயில் வேளையில் தன் தோட்டத்தில் குளிக்க வருகிறார். கதவை அடைக்கும்படி பணிப்பெண்களிடம் சொல்கிறார். அவர்களும் அடைத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் இரண்டு முதியோர் ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருக்கிறார்கள். அவர்கள் அந்நியர் அல்லர். அந்த வீட்டுக்கு அன்றாடம் வந்துபோன நீதிபதிகள். எங்களுக்கு இணங்காவிட்டால் ஓர் இளைஞனோடு உன்னைக் கண்டதாக ஊரறியச் சொல்வோம் என்று மிரட்டுகிறார்கள்.

இன்று அந்த மிரட்டலுக்குத் தோட்டம் தேவையில்லை. கைப்பேசியிலோ கணினியிலோ இருக்கும் ஒரு படம் போதும்.

கேளம்பாக்கத்திலிருந்து சிறுசேரி வரை கணினியை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆனாலும் நம்மில் பலர், கணினியைத் திறக்கும் கடவுச்சொல் இருந்தால் உள்ளே உள்ளதெல்லாம் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வாசல் தாழ்ப்பாள் மட்டுமே. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால், குறியாக்கம் செய்யப்படாத படங்கள் எல்லாம் தெரியும். விண்டோஸின் சில பதிப்புகளில் பிட்லாக்கர், ஆப்பிள் கணினியில் ஃபைல்வால்ட் என்று அதற்கு வசதி இருக்கிறது. போட்டுத் தரச் சொல்லிப் பிள்ளைகளிடமே கேட்கலாம். அழித்த படமும் உடனே ஒழிந்துவிடுவதில்லை. அதன் இடத்தில் வேறொன்று பதியும் வரை மீட்டெடுக்க முடியும். 2008இல் ஹாங்காங்கில் எடிசன் சென் என்ற நடிகரின் அந்தரங்கப் படங்கள் உலகெங்கும் பரவியது, பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்துதான். ரிப்பேர் கடைக்குப் போகும்முன் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்வதும், படங்களை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வதும் யாரையும் சந்தேகிப்பது ஆகாது. வீட்டுக்குக் கதவு வைப்பதால் அண்டை வீட்டாரைத் திருடர் என்று சொல்லிவிட்டோமா?

ஆனால் சூசன்னாவும் கதவை அடைக்கத்தான் செய்தார். உள்ளே இருந்தவர்களிடமிருந்து கதவு காக்கவில்லை. பொள்ளாச்சியில் 2019இல் வெளிப்பட்ட கொடுமையிலும் பழகியவர்கள் போல நம்ப வைத்தே பெண்களை வரவழைத்தார்கள். வீடியோ எடுத்து மிரட்டினார்கள். அந்த வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அரசுத் தரப்பே வெளியிட்டுவிட்டது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இத்தனைக்குப் பிறகும் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

அவர்கள் வாய் திறந்ததால் வந்த தீர்ப்பு அது. நம் வீட்டுப் பெண் வாய் திறப்பாளா? 'நீ ஏன் அந்தப் படத்தை எடுத்தாய்?' என்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தால் திறக்கமாட்டாள். மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்தக் கேள்வியைத்தான். இப்போதோ திருமணப் படத்தில் உள்ள முகத்தை வைத்தே ஆபாசப் படம் தயாரித்துவிடுகிறார்கள். எடுக்காத படத்துக்கு அவள் என்ன பதில் சொல்வாள்?

சூசன்னாவை விசாரணைக்கு அழைத்தபோது அவர் தனியாக வரவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் உறவினர் எல்லாரும் கூடவே வந்தார்கள் என்று விவிலியம் குறிப்பிடுகிறது. தானியேல் எழுந்து பேசுவதற்கு வெகு முன்பே, அவர் குற்றமற்றவர் என்பது நிரூபிக்கப்படாத நேரத்திலேயே, வந்து நின்றார்கள்.

இன்றைய நற்செய்தியில் கூட்டம் முழுவதும் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆண்டவரோ குனிந்து தரையில் எழுதுகிறார். வாட்ஸ்அப்பில் அப்படியொரு படம் நமக்கு வந்தால் என்ன செய்கிறோம்? 'பாவம் இந்தப் பெண்' என்று எழுதி அடுத்த குழுவுக்கு அனுப்புகிறவரும் உண்டு. ஒருவரின் உடலை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்க வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். வந்த செய்திகளை அழிக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1098 இருக்கிறது. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இணையதளத்தில் படத்தை அனுப்பாமலே, அதன் எண்வடிவ அடையாளத்தை மட்டும் பதிவுசெய்து, பங்கேற்கும் சமூக வலைத்தளங்களில் அது பரவாமல் தடுக்கக் கேட்கலாம். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கும்படி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். ஆகவே பரவிய பிறகும் வழி இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போகும்போது அவளுடன் வீட்டிலிருந்து ஒருவராவது போகட்டும்.