மஞ்சள் கல்லும் ஒரு தராசும்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

மஞ்சள் கற்களை வைத்துப் பதக்கம் செய்யக் கற்றுத் தருவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கைவினையோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அறிவியலும் உள்ளே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டை தீட்டாமல், மேல்புறம் குமிழாகவும் அடிப்புறம் தட்டையாகவும் வழவழப்பாகத் தேய்த்த கல்லைக் கபோஷான் என்கிறார்கள். நம் கோயில் நகைகளில் பதிக்கும் கெம்புக் கற்கள் பெரும்பாலும் இந்த வடிவம்தான். வகுப்பறைக்கு இது வசதி. நெருப்பு, பற்றவைப்பு எதுவும் வேண்டாம். செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டினாலே நிற்கும். சட்டத்துக்கு 0.8 மி.மீ. கம்பி, இறுக்கிக் கட்ட 0.4 மி.மீ. கம்பி. கல் 25க்கு 18 மி.மீ. நீள்வட்டமாக இருந்தால் சின்னக் கைகளுக்குப் பிடிக்கத் தோதாக இருக்கும். கல்லைச் சுற்றி நூலை வைத்து அளந்த பிறகு கம்பியை வெட்டச் சொல்லுங்கள். ஆனால் கல்லைப் பள்ளியில் அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். குவார்ட்ஸ் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தேய்த்த கல்லாகவே வாங்குங்கள்.

மஞ்சளில் எனக்குப் பிடித்தது வைடூரியம், அதாவது பூனைக்கண். விலை அதிகம், வாங்கச் சொல்லவில்லை! அதற்கு ஏன் பட்டை தீட்டுவதில்லை? அதன் உள்ளே ஊசி போன்ற நுண்ணிய இழைகள் ஒரே திசையில் கிடக்கின்றன. குமிழ்மேல் வெளிச்சம் பட்டால் இழைகளுக்குக் குறுக்கே ஒரு ஒளிக்கோடு ஓடும். பட்டை தீட்டினால் அந்தக் கோடு போய்விடும். நம் மாணவிகள் செய்யும் பட்டுநூல் வளையலிலும் இதே கோட்டைக் காட்டலாம். நூல் சுற்றியிருப்பது ஒரு திசை, மினுக்கம் ஓடுவது அதற்குக் குறுக்கே.

இனித் தராசு. குருவுக்கு உகந்தது என்று புஷ்பராகம் வாங்குகிறவர்களில் நம் பிள்ளைகளின் பெற்றோரும் உண்டு. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நூறு நாள் வேலைக் கூலியைச் சேர்த்து அம்மா வாங்கிய கல்லைப் பொட்டலத்தோடு கொண்டு வந்தாள். மோதிரத்தில் இன்னும் பதிக்கவில்லை. அது நல்லதாயிற்று, பதித்துவிட்டால் இந்தச் சோதனை நடக்காது.

0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசில் முதலில் கல்லை நிறுத்தோம்: 2.02 கிராம். பிறகு தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட்டோம். தராசு 0.81 காட்டியது. அது கல் விலக்கிய நீரின் நிறை. வகுத்தால் ஏறத்தாழ 2.5. புஷ்பராகத்துக்கு 4 வர வேண்டும். மஞ்சள் குவார்ட்ஸான சிட்ரினுக்கு 2.65. உருப்பெருக்கியில் பார்த்தபோது உள்ளே உருண்டையான காற்றுக்குமிழிகள்: கண்ணாடி. ஆர்க்கிமிடீஸை அந்த வகுப்பில் யாரும் மறக்க மாட்டார்கள்.

அம்மா கடைக்குத் திரும்பப் போனார், பெரும் வாக்குவாதம். பாதிப் பணம்தான் கிடைத்தது.

ஒன்றைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். செயற்கைப் புஷ்பராகத்துக்கும் அடர்த்தி 4தான். எனவே இந்தச் சோதனை ‘இது அதுவல்ல’ என்று சொல்லும். ‘இது அதுதான்’ என்று சொல்லாது. அதற்கு ரத்தினப் பரிசோதனைக் கூடம் வேண்டும்.

எங்கள் கண்காட்சியில் ஒவ்வொரு பதக்கத்தோடும் ஒரு சிறு அட்டை கட்டினோம்: ‘மஞ்சள் கண்ணாடி, செம்புக் கம்பி.’ வாசகத்தை எழுதியவள் அதே மாணவி. கண்ணாடி என்று எழுதியும் எல்லாம் விற்றுப்போயின.