பூவின் ஊரும் பெயரின் ஊரும்



இவ்விழாவில் ஒரே ஒரு பூவைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். செம்மஞ்சள் நிறம், விரிந்த ஆறு இதழ்கள், அவற்றின்மேல் குருதி தெளித்தாற்போன்ற புள்ளிகள். வாள் போன்ற இலைகள் விசிறியாக அடுக்கி நிற்கும். ஒரு பகல் மலர்ந்திருக்கும் பூ, வாடுங்கால் தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும். காய் முதிர்ந்து வெடித்தால் கருமணி போன்ற விதைகள் கொத்தாக ஒளிரும். ஆங்கிலத்தார் இதனைச் சிறுத்தை அல்லி என்பர்.

நிறத்தைக் கண்ட அளவில் காந்தள் எனத் துணிவது தமிழ் உள்ளத்திற்கு இயல்பு. ஆயின் காந்தளின் இதழ் விளிம்பு நெளிந்து பின்னோக்கி வளையும். அதன் இலைநுனி சுருண்டு கொழுகொம்பைப் பற்றும். அதன் மகரந்தத் தாள்கள் ஆறு. இப்பூவிலோ தாள்கள் மூன்றே. மூன்று தாள்களும் விசிறியாக அடுக்கிய வாளிலைகளும் ஐரிஸ் குடும்பத்தைச் சுட்டுகின்றன. எனினும் ஐரிஸ் மலரில் மூன்று இதழ்கள் நிமிர்ந்தும் மூன்று தாழ்ந்தும் நிற்பது பெருவழக்கு. இதில் ஆறும் ஏறத்தாழ ஒத்தவை.

இவ்வேற்றுமை அறிஞரையே மயக்கியது. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரே நூலில் இச்செடிக்கு இரு பெயர்கள் இட்டார். அவற்றுள் ஒன்று இதனை ஆர்க்கிட் இனத்தோடு சேர்த்தது. பின்னர் நெடுங்காலம் ‘பெலம்கண்டா சைனென்சிஸ்’ என்னும் பெயரே வழங்கியது. மரபணுச் சான்றுகளின் துணைகொண்டு 2005ஆம் ஆண்டில் இது ஐரிஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டு, ‘ஐரிஸ் டொமஸ்டிகா’ ஆயிற்று.

வழங்கி ஓய்ந்த அப்பழம் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதன் பிற்பாதி சீனத்தைச் சுட்டுகிறது. முற்பாதியோ மலபாரில் வழங்கிய பெயர். மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் முதலிய நம் அயல்நிலத்து மருத்துவர்களின் அறிவால் எழுந்த நூல் அது. அதில் பதிவான நாட்டுப் பெயரை ஐரோப்பியர் பேரினப் பெயராகவே ஏற்றனர். செடியின் தாயகம் இமயம் முதல் சீனம், ஜப்பான் வரை பரந்தது. பெயர் பிறந்த இடமோ மேலைக் கடற்கரை. பூவுக்கு ஓர் ஊர், பெயருக்கு மற்றோர் ஊர்.

கவிதையில் இதற்கு மூன்றாவதாகவும் ஓர் ஊர் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘மன்யோஷூ’ என்னும் ஜப்பானியத் தொகைநூலில், இரவு, கருமை, கூந்தல் ஆகிய சொற்களுக்கு முன் ‘நுபதமா’ என்பது மரபான அடைச்சொல்லாக வரும். நுபதமா இப்பூவின் கருவிதை. கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் இதழ்களை விடுத்து, அவை உதிர்ந்தபின் எஞ்சும் கருமையை அப்புலவர்கள் தேர்ந்தனர். விதை வெடிக்கும் வரை ஒரு செடியோடு வாழ்ந்தவர்க்கே அத்தேர்வு கைகூடும்.

கவிஞர்களே, கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் உள்ளன என்பது பொது வழக்கு. புதிதாய்க் கண்ட ஒவ்வொரு பூவையும் அப்பட்டியலுள் புகுத்த நமக்கு ஆசை எழுகிறது. அவ்வாசை அன்பினால் எழுவதே. ஆயினும் அதனால் இரு பூக்களை இழக்கிறோம். கபிலர் கண்ட பூ மங்குகிறது. நம் கண்முன் நிற்கும் பூ காணப்படாமலே போகிறது. இதழை எண்ணுங்கள், தாளை எண்ணுங்கள், காய்க்கும் வரை காத்திருங்கள். அதன்பின் பெயரிடுங்கள். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிதைகளில் ‘ஏதோ ஒரு மலர்’ என்னும் தொடர் அருகட்டும்.