கைப்பைக்குள் இருக்கும் வலிப்பு மாத்திரை

கார்பமாசெபின், பெனிட்டாயின், வால்புரோயேட். வலிப்பு நோய்க்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் சில இவை. பெரியவர்களுக்கு அளவோடு கொடுத்தால் நல்ல பலன் தருபவை. இரண்டு வயதுக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிற்கவைத்தால் தள்ளாடி விழுகிறான், கண்ணைத் திறக்க முடியாமல் சொக்குகிறான். கருவிழிகள் பக்கவாட்டில் துடிக்கின்றன. பாட்டி, "கண்ணு பட்டுடுச்சு டாக்டர்" என்கிறார். எனக்கு அந்தக் கண் துடிப்பும் தள்ளாட்டமும் சேர்ந்திருந்ததில்தான் சந்தேகம். "வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன். சர்க்கரைக்கு, பிரஷருக்கு என்று பாட்டி தன் பட்டியலை ஒப்பித்தார். பையனின் அம்மா வாய் திறக்கவில்லை. அட்மிஷன் சீட்டு போட்டுவரப் பாட்டியை அனுப்பினோம். அவர் அந்தப் பக்கம் போனதும் அந்தப் பெண் அழுதுவிட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு. சொல்லாமல் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். கார்பமாசெபினை அட்டையிலிருந்து பிரித்து, மிட்டாய் டப்பாவில் போட்டு, கைப்பையில் வைத்திருந்தாராம். பிள்ளைக்கு அது மிட்டாய்தானே!

பையன் பிழைத்தான். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை வீட்டில் சுற்றிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருந்தும் பேச முடியவில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, நேயர்களே. வலிப்பைச் சொன்னால் வாழ்க்கை போய்விடும் என்று அவரைப் பயமுறுத்தி வைத்தது யார்? இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது. நம் பெண் பார்க்கும் கூடம் இன்னும் மாறவில்லை.

சரி, நேரம் ஓடுகிறது. கார்பமாசெபின் குடலில் மெதுவாகத்தான் இறங்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை என்றால் இன்னும் தாமதம். விழுங்கிய பிள்ளை முதலில் விளையாடிக்கொண்டுகூட இருக்கும். பல மணி நேரம் கழித்து மயங்கும். வலிப்பை அடக்கும் அந்த மருந்தே, அளவு மிஞ்சினால் வலிப்பை வரவழைக்கும். அதனால் "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் உட்காராதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். சொக்கும் பிள்ளைக்கு அது மூச்சுக்குழலில் போய்விடும். 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையோ சிரப் பாட்டிலோ எது கிடைத்தாலும் கையோடு கொண்டுவாருங்கள். எத்தனை காணவில்லை என்று எண்ணிச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து. அட்டையிலேயே இருக்கட்டும், பூட்டிய அலமாரியில் உயரத்தில் இருக்கட்டும்.

மாமியார்மார்களே, மாமனார்களே, கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருமகளுக்கு வலிப்பு இருப்பது தெரிந்தால் அலமாரிச் சாவியை அவர் கையில் கொடுங்கள். மாத்திரையை எல்லார் முன்னாலும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.